தட்டும் அட்டை, தப்பும் காசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்னைக்குப் போய் வருகிற கடலூர், புதுச்சேரிக்காரர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், மெட்ரோவிலும் மாநகரப் பஸ்ஸிலும் தட்டிப் பயணம் செய்கிற சிங்கார சென்னை அட்டை பற்றித்தான். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். அட்டை எந்த வங்கியுடையது என்றுகூட எழுதாமல் "என் கார்டு வேலை செய்யல சார், என்ன பண்றது?" என்று கேட்ட நாலைந்து பேருக்கு இங்கே பதில் இல்லை.

மாதம் இரண்டு தடவை சென்னை போகிறேன். அட்டை வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்? (மஞ்சக்குப்பம்)

மெட்ரோவில் 20 சதவீதம். அதிகபட்சக் கட்டணமான 50 ரூபாய்க்கு 40 தான் பிடிக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில், போன்பேயில் எடுக்கிற கியூஆர் டிக்கெட்டுக்கும் அதே 20 சதவீதம் உண்டு. மாதம் இரண்டு தடவைக்கு அட்டை தேவையே இல்லை, போன் போதும்.

2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பஸ்ஸிலும் இந்த அட்டை செல்கிறது. அங்கே தள்ளுபடி எதுவும் கிடையாது, சில்லறைத் தகராறு தீரும், அவ்வளவுதான்.

உங்களுக்கு உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வழியாகப் போகிற பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். அங்கே மெட்ரோ இல்லை. வாசலில் நிற்கிற ஆட்டோவில் ஏறினால் மெட்ரோ தள்ளுபடி ஒரு வருஷத்துக்குச் சேர்த்துத் தருவது ஒரே நாளில் போய்விடும். மாநகரப் பஸ்ஸில் தாம்பரம் வந்து, மின்ரயிலில் பரங்கிமலையோ கிண்டியோ இறங்கி, மெட்ரோவுக்கு மாறுங்கள். மின்ரயில் டிக்கெட் ஐந்து, பத்து ரூபாய்தான். அதற்கு இந்த அட்டை செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

இந்த அட்டையைக் கடலூர் – புதுச்சேரி பஸ்ஸில் காட்டலாமா? (அரியாங்குப்பம்)

தனியார் பஸ் கண்டக்டரிடம் நீட்டிப் பாருங்கள், சிரிப்பார். தட்டுகிற கருவி இருந்தால்தானே அட்டைக்கு வேலை? சில்லறையோடு ஏறுங்கள்.

போன வாரம் ஆன்லைனில் 500 ரூபாய் ரீசார்ஜ் செய்தேன். வங்கியில் பணம் போய்விட்டது. மெட்ரோ கேட்டில் தட்டினால் பேலன்ஸ் இல்லை என்கிறது. 500 ரூபாய் ஏப்பமா? (நெல்லிக்குப்பம், வில்லியனூர், லாஸ்பேட்டை)

ஏப்பம் இல்லை. பணம் உங்கள் அட்டைக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, அட்டையின் சிப்பில் இல்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் மறு மாதமே இதே கடிதம் வருகிறது. அட்டை கொடுக்கிறவர்கள் கொடுக்கும்போதே இரண்டு வரி சொல்லித் தொலைத்தால் என்ன? உறைக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாளை யார் படிக்கிறார்கள்?

'ஒரே நாடு ஒரே அட்டை' என்று 2019-இல் வந்த இந்த என்சிஎம்சி (தேசியப் பொதுப் பயண அட்டை) வகை ரூபே அட்டைகளில் பணம் இருக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று வங்கியின் கணினியில் இருக்கிற கணக்கு. இன்னொன்று அட்டைக்குள்ளேயே இருக்கிற சிப். கேட்டிலும் பஸ் மெஷினிலும் தட்டும்போது வங்கியைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. பூமிக்கடியில் சிக்னல் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால் சிப்பில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து மட்டும் உடனே கழிக்கும். பின் நம்பர் கேட்காததும் அதனால்தான். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து போனில் போட்ட 500 கணக்கு வரைக்கும்தான் போயிருக்கிறது. அது சிப்புக்குள் இறங்க, அட்டையை ஒரு மெஷினில் ஒரு தடவை வைத்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கேட்டுக்குப் போகும் முன் மெட்ரோ கவுண்டருக்கோ ரீசார்ஜ் மெஷினுக்கோ போங்கள். "ஆன்லைன்ல போட்டேன், பேலன்ஸ் அப்டேட் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். அட்டையைத் தட்டையாக வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பச்சை காட்டி ஒலி வரும்வரை நான்கைந்து விநாடி அசைக்கக் கூடாது. பின்னால் நிற்கிறவர் உச்சுக் கொட்டுகிறார் என்று பாதியில் உருவினால் பரிவர்த்தனை அறுந்து, பணம் அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்று நாலு நாள் தொங்கும். பர்ஸோடு சேர்த்து வைப்பதும் தப்பு. உள்ளே தட்டுகிற வசதியுள்ள ஏடிஎம் அட்டை ஒன்று இருந்தாலே மெஷின் குழம்பும். அட்டையைத் தனியாக வெளியே எடுங்கள்.

இன்னொரு சிக்கல்: சிப்பில் 2,000 ரூபாய்க்கு மேல் நிற்காது. ஏற்கெனவே 1,700 இருக்கும்போது 500 போட்டால் ஏறாது.

இவ்வளவும் செய்தும் வராவிட்டால் ரீசார்ஜ் செய்த தேதி, தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் எழுதிக்கொண்டு அட்டை வங்கியின் வலைத்தளத்தில் புகார் பதியுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கிற எண்ணுக்கு போன் செய்யாதீர்கள். லாஸ்பேட்டை வாசகர் அப்படித் தேடிப் பிடித்து ஓடிபி வரை சொல்லிவிட்டு, அதற்கப்புறம் எனக்கு எழுதியிருக்கிறார். ஐயா, இந்தப் பக்கத்தை விடுங்கள், முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அட்டை தொலைந்துவிட்டது, உள்ளே 1,800 ரூபாய். திரும்பக் கிடைக்குமா? (பண்ருட்டி)

சிப்பில் இருந்தது ரொக்கம். கீழே விழுந்த ரூபாய் நோட்டை எந்த வங்கியும் திருப்பித் தராது. பிளாக் செய்தால் கணக்கில் இருக்கும் தொகை மட்டும் தப்பும். அடையாள ஆவணம் எதுவும் கேட்காமல் தருகிற பயண அட்டை என்றால் இன்னும் கறார். ரிசர்வ் வங்கியின் 2024 விதிப்படி அதில் மொத்தம் 3,000 ரூபாய் வரை வைக்கலாம், காலாவதி கிடையாது, ஆனால் பணமாகத் திரும்ப எடுக்க முடியாது. மாதம் ஒரு தடவை சென்னை போகிறவருக்கு 1,800 எதற்கு? 200, 300-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

நானும் வீட்டுக்காரரும் ஒரே அட்டையில் மெட்ரோ போகலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

முடியாது. முதல் ஆள் உள்ளே போனதுமே அட்டையில் 'உள்ளே' என்று பதிவாகிவிடும், அவர் வெளியே வந்தால்தான் அடுத்த ஆளுக்குத் திறக்கும். ஒருவர் அட்டையில் போகட்டும், இன்னொருவர் கியூஆர் டிக்கெட் எடுக்கட்டும். தள்ளுபடி இரண்டுக்கும் ஒன்றுதான்.

பழைய மெட்ரோ பயண அட்டை வீட்டில் கிடக்கிறது. ரீசார்ஜ் ஆகவில்லை. (முத்தியால்பேட்டை)

ஆகாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அதைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுச் சிங்கார சென்னை அட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். டெபாசிட்டையும் கேட்டு வாங்குங்கள்.

மகன் வேளச்சேரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அட்டையா, 1,000 ரூபாய் பஸ் பாஸா? (குறிஞ்சிப்பாடி)

கணக்குப் போடாமல் கேட்கிறீர்கள். மாதம் 26 வேலை நாள் என்றால் 1,000 ரூபாய் பாஸ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 38 ரூபாய். போக வர அதற்கு மேல் ஆனால் பாஸ், குறைந்தால் அட்டை. இரண்டு பஸ் மாறிப் போகிறவருக்குப் பாஸ் கண்ணை மூடிக்கொண்டு லாபம். ஏசி பஸ்ஸும் வேண்டும் என்றால் 2,000 ரூபாய் பாஸ். அது நாளைக்கு 77 ரூபாய், தினமும் ஏசியில் போனால்தான் கட்டும். எந்தப் பாஸும் மெட்ரோவுக்குச் செல்லாது. மெட்ரோவும் சேர்த்துப் போகிறவன் என்றால் அதற்கு அட்டை வைத்துக்கொள்ளட்டும், 300-க்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சென்னை அட்டை பெங்களூரு மெட்ரோவில் செல்லுமா? (சிதம்பரம்)

சிங்கார சென்னை அட்டை செல்லும். அங்கே தள்ளுபடி 5 சதவீதம்தான். காலை 8 மணிக்கு முன், பகல் 12 முதல் 4 வரை, இரவு 9-க்குப் பின் ஏறினால் இன்னொரு 5 சதவீதம். குறைந்தது 90 ரூபாய் பேலன்ஸ் இருக்கட்டும். அங்கே அதிகபட்சக் கட்டணமே 90.

தினமும் விழுப்புரம் ரயிலில் போகிறேன். எனக்கு அட்டை எதுவும் இல்லையா? (கடலூர் முதுநகர்)

உங்களுக்கு அட்டை வேண்டாம், சீசன் டிக்கெட் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு மாத சீசன் ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணக் கட்டணம். அதாவது எட்டு நாள் போய் வந்தாலே அசல் வந்துவிடும், மிச்ச நாளெல்லாம் லாபம். மூன்று மாதத்துக்கு எடுத்தால் 2.7 மாதக் காசுதான், ஒரு வருஷத்துக்கு 10.8. லீவு மாதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருஷ சீசன் எடுங்கள். முன்பதிவுப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு "சீசன் இருக்கு" என்று டிடிஇ-யிடம் வாதாட வேண்டாம். அபராதம் கட்டினால் அந்த மாத லாபம் போச்சு.

அம்மாவைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப் போகிறேன். அவருக்கும் ஒரு அட்டை வாங்கவா? (பாகூர்)

பஸ்ஸுக்கு என்றால் வேண்டாம். மாநகரச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். டீலக்ஸில் ஏறிவிட்டு இலவசம் கேட்காதீர்கள். மெட்ரோவுக்கு உங்கள் போனிலேயே இரண்டு பேருக்கும் சேர்த்து கியூஆர் எடுத்துவிடலாம்.