பிரெஸ்பிட்டேரிய நண்பரோடு ஒரு விவாதம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிளாஸ்கோவில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் வேளாங்கண்ணி பக்கம், பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். என்னோடு இரவுப் பணி பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பிரெஸ்பிட்டேரியன், அதாவது புரொட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர். ஸ்காட்லாந்து திருச்சபையில் மூப்பராகவும் இருக்கிறார். வார்டு அடங்கியதும் டீயோடு எங்கள் விவாதம் தொடங்கிவிடும். “நற்செயல் செய்து மோட்சத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறீர்கள்” என்பார். “உங்களுக்கு நற்கருணை வெறும் அப்பம்தானே” என்பேன். சண்டை வந்ததில்லை, ஆனால் பேச்சு நகர்வதும் இல்லை. “எல்லாரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தானே, விட்டுவிடு” என்கிறார் என் கணவர். விட்டுவிடலாமா? அவருடைய சபை ஆராதனைக்கு ஒருநாள் வரச் சொல்கிறார். போனால் அப்பமும் ரசமும் வாங்கலாமா?

பி., கிளாஸ்கோ

அன்புள்ள பி.,

விடாதீர்கள். உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நீங்களும் நண்பரும் உயிராக நினைக்கும் விஷயத்தை ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று மூடிவைத்தால் அது இருவரின் விசுவாசத்தையும் சிறுமைப்படுத்துவது. பேச்சு நகராததற்குக் காரணம் வேறு. மற்றவர் நம்பாத ஒன்றைத்தான் இரண்டு பேரும் மறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் அவர் சொல்வதை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1547இல் ஏற்புடைமை பற்றி, அதாவது மனிதன் கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவது பற்றி, வெளியிட்ட விதிகளில் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களால் கடவுள்முன் ஏற்புடையவன் ஆகலாம் என்று சொல்பவரைக் கண்டிக்கிறது. புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதற்காகக் கூட்டப்பட்ட அதே சங்கம்தான். இதை நண்பருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்து நீங்கள் சொல்வது. பிரெஸ்பிட்டேரியர்களின் அடிப்படை ஆவணம் 1640களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. அதன் 29ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். விசுவாசத்தோடு பந்தியில் பங்குபெறுபவர் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவை மெய்யாகவே பெறுகிறார், ஆனால் மாம்சப்பிரகாரமாக அல்ல, ஆவிக்குரிய விதமாக என்கிறது அது. பிரெஸ்பிட்டேரியர்களின் முன்னோடியான சீர்திருத்தவாதி கால்வினும் வெறும் நினைவுச் சின்னம் என்று சொன்னவரல்ல. ஆகவே ‘வெறும் அப்பம்’ என்பதை நீங்கள் கைவிட்டுவிடலாம்.

சரி, அப்படியானால் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, ஆழமாகவே இருக்கிறது. அருள் மனிதனுக்குள் ஊற்றப்பட்டு அவனை உள்ளபடியே நீதிமானாக்குகிறது, அது வளரலாம், சாவான பாவத்தால் இழக்கவும் படலாம் என்பது உங்கள் திருச்சபை. நம்முடையதல்லாத கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எண்ணப்படுகிறது, கடவுள் மெய்யாக அழைத்தவர் முடிவில் விழுந்துபோவதில்லை என்பது அவருடைய அறிக்கை. இரவெல்லாம் பேச வேண்டியது இதைத்தான். ஆழ்ந்த பாவத்தில் விழுந்த ஒரு விசுவாசியிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள், அவர் என்ன சொல்வார்? இந்த ஒரு கேள்வியை நடுவில் வையுங்கள். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது), குருத்துவம், சபை என்று எல்லாம் அதன் பின்னால் தானாக வரும். கடைசியில் போய் நிற்கும் இடம், வேதத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது. சங்கங்களும் தவறலாம் என்று வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு கத்தோலிக்கர் அதற்கு இணங்க முடியாது.

இப்படிப்பட்ட பேச்சுக்கு நல்ல முன்னோடி உண்டு. 1539இல் கார்பன்ட்ரா ஆயர் கர்தினால் சாதொலேத்தோ, ஜெனீவா மக்களைத் தாய்த் திருச்சபைக்குத் திரும்ப அழைத்துக் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர் முந்தைய வருடம்தான் அதே ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த கால்வின். சாதொலேத்தோவின் கடிதத்தில் ஓர் இடம்: கடவுளின் நியாயாசனத்தின் முன் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் முன்னோர் காட்டிய திருச்சபையின் வழியில் நடந்தவர், மற்றவர் புதியவர்களைப் பின்பற்றிப் பிரிந்தவர். யார் தைரியமாகப் பதில் சொல்ல முடியும் என்று கேட்கிறார். கால்வின் அந்தக் காட்சியைத் தள்ளிவிடவில்லை. அதே நியாயாசனத்தின் முன் தன் தரப்பு போதகரையும் சாதாரண விசுவாசியையும் நிறுத்தி, அவர்கள் வாயால் பதில் சொல்லவைக்கிறார். கடிதத்தில் காரம் இருக்கிறது. ஆனால் எதிராளியின் மிகக் கனமான கேள்வியை அது நேருக்கு நேர் சந்திக்கிறது. என்னைப் பொறுத்தவரை மரியாதை என்பது இதுதான்.

மறுபக்கமும் உண்டு. 1562இல், கிளாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள மேபோலில், ஸ்காட்லாந்துச் சீர்திருத்தத்தின் தலைவர் ஜான் நாக்ஸும் கத்தோலிக்க மடாதிபதி குவின்டின் கென்னடியும் மூன்று நாள் வாதிட்டார்கள். ஆதியாகமத்தில் ஆபிரகாமைச் சந்தித்த குரு மெல்கிசேதேக்கு கொண்டுவந்த அப்பமும் ரசமும் கடவுளுக்குச் செலுத்திய பலியா, இல்லையா? மூன்று நாளும் பேச்சு இதிலேயே சிக்கிக்கொண்டது. வந்தவர்களுக்குச் சாப்பாடும் தங்க வசதியும் போதாமல் கூட்டம் கலைந்தது. திருப்பலியின் மையத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துபோன விவாதம் அது. நீங்களும் இப்படி ஒரு வசனத்தில் மாட்டிக்கொண்டால் அதை அப்படியே வைத்துவிட்டு மேலே போங்கள்.

ஸ்காட்லாந்திலேயே நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. போப்பை அந்திக்கிறிஸ்து என்று சொல்லும் வெஸ்ட்மின்ஸ்டர் வாசகத்தைத் தான் இனி ஏற்கவில்லை என்று ஸ்காட்லாந்து திருச்சபை 1986இல் அறிவித்தது. 2022இல் இரண்டு திருச்சபைகளும் டன்ஃபெர்ம்லின் ஆலயத்தில் நட்புப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டன. வேறுபாடுகள் தீர்ந்துவிட்டதாக யாரும் நடிக்காமலேயே இது நடந்தது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கடைசிக் கேள்வி. ஆராதனைக்குத் தாராளமாகப் போங்கள், சேர்ந்து பாடுங்கள், ஜெபியுங்கள். அவர்கள் பந்தியில் பொதுவாகப் பிற சபையாருக்கும் அழைப்பு உண்டு. ஆனால் உங்கள் திருச்சபைச் சட்டம் அங்கே அப்பமும் ரசமும் வாங்க உங்களை அனுமதிக்கவில்லை. உங்கள் ஆலயத்துக்கு அவர் வந்தாலும் சாதாரணமாக நற்கருணை வாங்க முடியாது. இதை அங்கே போய் நின்றுகொண்டு சொல்லாதீர்கள், அவர் மனம் சங்கடப்படும். முந்தைய ஷிஃப்டிலேயே, இன்ன காரணத்தால் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். மூப்பராக இருப்பவர், புரிந்துகொள்வார். ஒருவேளை ஏன் என்று கேட்பார். அப்போது உங்கள் விவாதம் இதுவரை தொடாத இடத்தைத் தொட்டிருக்கும்.