நண்பரோடு ஸ்டேடியத்தில் 5 கி.மீ.: நன்கொடை ஓட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

நிதி திரட்டுவதற்கான ஓட்டங்கள் பல இப்போது ரோட்டை விட்டு ஸ்டேடியத்துக்குள் நடக்கின்றன. போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஆம்புலன்ஸ் கண்ணெதிரே நிற்கும், வீட்டாரும் காலரியில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் ரோட்டில் ஓடிப் பழகியவர்கள் டிராக்கில் இறங்கியதும் தடுமாறும் இடங்கள் சில உண்டு. இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான்.

திருச்சி வாசகி: நானும் என் தோழியும் 5 கி.மீ.க்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். எனக்கு 28 நிமிடம் ஆகும், அவளுக்கு 38. சேர்ந்து ஓடுவதா, தனித்தனியாக ஓடுவதா?

சேர்ந்து ஓடுவது என்றால் தோழியின் வேகம்தான் வேகம். இதில் நடுவழி கிடையாது. "ரெண்டு பேருக்கும் பொதுவா 33 நிமிஷம்" என்று பேசிக்கொண்டு கிளம்பும் ஜோடிகள்தான் ஐந்தாவது சுற்றில் பேச்சை நிறுத்துகின்றன. உங்களுக்கு அது சும்மா ஓட்டம்; அவருக்கோ மூச்சு பிடிக்காத வேகம்.

ரோட்டு ஓட்டத்தில் தனித்தனியாகப் போனால் முடியும்வரை ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஸ்டேடியத்தில் அந்தக் கவலை இல்லை. நீங்கள் சொன்ன நேரத்தை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு 400 மீட்டர் சுற்றுக்கு 2 நிமிடம் 14 விநாடி, தோழிக்கு 3 நிமிடம் 2 விநாடி. ஏறத்தாழ எட்டரை நிமிடத்துக்கு ஒரு முறை அவரைப் பின்னாலிருந்து பிடித்துவிடுவீர்கள். நீங்கள் முடிப்பதற்குள் மூன்று தடவை அவரைத் தாண்டியிருப்பீர்கள். தாண்டும்போது வலப்பக்கமாகப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் முடிக்கும்போது அவருக்கு இன்னும் மூன்றே கால் சுற்றுக்குமேல் பாக்கி இருக்கும். ஒரு சுற்று நடந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசி ஒன்றிரண்டு சுற்றில் அவரோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டு நிபந்தனைகள்: நடத்துபவர்களிடம் முன்பே கேட்டுவிட வேண்டும், நேரம் பதியும் சிப் ஒட்டிய பிப்பை (நெஞ்சில் குத்தும் எண் அட்டையை) கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் சிப்பைப் படிக்கத் தரையில் விரித்திருக்கும் டைமிங் மேட்டைத் தாண்டும்போது உங்கள் பெயரில் இன்னொரு சுற்று ஏறிவிடும். பரிசுக்கான பிரிவில் தோழி ஓடினால் இது வேண்டாம். வெளியிலிருந்து உதவி பெற்றதாகக் கணக்காகும்.

எங்கள் ஓட்டு தனித்தனியாக ஓடுவதற்கே. தோழிக்கு இது முதல் ஓட்டம், தனியாக ஓடப் பயம் என்றால் மட்டும் கூடவே ஓடுங்கள்.

மதுரை வாசகர்: 5 கி.மீ. என்றால் எத்தனை சுற்று? போன தடவை எண்ணிக்கை தவறி நானும் நண்பரும் வேறு வேறு இடத்தில் நின்றோம்.

பன்னிரண்டரை சுற்று. தவறு அந்த அரைச் சுற்றில்தான் வருகிறது. 5,000 மீட்டர் ஃபினிஷ் லைனில் தொடங்குவதில்லை. எதிர்ப்புறத்தில், ஃபினிஷுக்கு 200 மீட்டர் முன்னால் தொடங்கும். ஓட ஆரம்பித்து ஃபினிஷ் லைனை முதல் தடவை தாண்டும்போது அரைச் சுற்றுதான் முடிந்திருக்கும். இன்னும் 12 சுற்று பாக்கி. அதையே "ஒண்ணு" என்று எண்ணி, பன்னிரண்டில் நிற்பவர் ஓடியது 4,600 மீட்டர்.

முடிந்த சுற்றை எண்ணாதீர்கள், மீதியை எண்ணுங்கள். லைன் பக்கத்தில் வைத்திருக்கும் லேப் போர்டும் மீதியைத்தான் காட்டும். ஆனால் நூறு பேர் ஓடும் கூட்டத்தில் அது முதலில் வருபவருக்கான எண், உங்களுக்குப் பொருந்தாது. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பதும் அப்படியே. ஆகவே இடது மணிக்கட்டில் 12 ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள்ளுங்கள். லைனை முதல் தடவை தாண்டும்போது எதையும் தொடாதீர்கள். அதன்பின் ஒவ்வொரு தடவையும் ஒன்றை வலது கைக்கு மாற்றுங்கள். பன்னிரண்டாவது பேண்டை மாற்றும் இடம்தான் முடிவு. மெல்லிய பேண்ட் போதும். இறுக்கமானது வியர்வையில் கையை அறுக்கும்.

இரண்டு பேர் சேர்ந்து ஓடினால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சுற்றை எண்ணட்டும், மற்றவர் நேரத்தைப் பார்க்கட்டும். இருவரும் இரண்டையும் செய்தால் எட்டாவது சுற்றில் வாக்குவாதம்தான்.

நேரம் பார்ப்பவருக்கு: 35 நிமிட இலக்கு என்றால் முதல் 200 மீட்டர் 1 நிமிடம் 24 விநாடி, அதன்பின் சுற்றுக்கு 2 நிமிடம் 48 விநாடி. 40 நிமிடம் என்றால் 1:36, பிறகு 3:12. கைதட்டலும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முதல் 200 மீட்டரை ஒரு நிமிடத்தில் ஓட வைத்துவிடும். கி.மீ.க்கு 5 நிமிட வேகம் அது. பின்னால் படும் பாடெல்லாம் அங்கே வாங்கிய கடன்.

கோவை வாசகர்: தோளோடு தோளாக ஓடினோம். என் வாட்ச் 5.1 காட்டுகிறது, நண்பருடையது 5.3. எது சரி?

இரண்டையும் நம்ப வேண்டாம். 400 மீட்டர் என்பது உள்ளே முதல் லேனில், அதுவும் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்த தூரம். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாவது லேனில் ஒரு சுற்று 407.04 மீட்டர், எட்டாவதில் 453.03. எட்டாவது லேனிலேயே பன்னிரண்டரை சுற்று ஓடியவர் 5,663 மீட்டர் ஓடியிருக்கிறார்.

உங்களுக்கு ஒரு மீட்டர் வெளியே நண்பர் ஓடினால் அவருக்குச் சுற்றுக்கு 6.28 மீட்டர் கூடும்; மொத்தத்தில் 78 மீட்டருக்கு மேல். நேர்க்கோட்டில் இந்த வித்தியாசம் கிடையாது, வளைவில் மட்டும்தான். அதனால் நேரில் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, வளைவு வந்ததும் ஒருவர் பின் ஒருவராகிவிடுங்கள். பின்னால் வருபவர்கள் தாண்டவும் வழி கிடைக்கும். இரண்டு பேர் முதல் லேனை அடைத்துக்கொண்டு பேசியபடி போவதுதான் இந்த ஓட்டங்களில் அதிகம் திட்டு வாங்கும் பழக்கம். நடப்பதானால் வெளி லேனுக்குப் போய்விடுங்கள்.

மிச்ச வித்தியாசம் ஜி.பி.எஸ். செய்வது. வளைவில் அது புள்ளிகளை இஷ்டத்துக்குச் சேர்க்கும். சில வாட்சுகளில் டிராக் ஓட்டத்துக்கென்று தனி மோட் உண்டு. அதில் லேன் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் ஓரளவு உருப்படும்.

சென்னை வாசகி: கைகோத்துக்கொண்டு முடித்தோம். ரிசல்ட்டில் எனக்கு 11 விநாடி அதிகம். எப்படி?

துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே நேரம் வரும். நீங்கள் ஸ்டார்ட் மேட்டைத் தாண்டியதிலிருந்து கணக்கிடுவது நெட் டைம்; உங்கள் ரிசல்ட்டில் இருப்பது அதுதான். தோழி உங்களுக்கு 11 விநாடி பின்னால் மேட்டைத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான்.

பிப்பை நெஞ்சுக்கு நேரே, நாலு மூலையிலும் பின் குத்தி மாட்டுங்கள். மடிக்காதீர்கள், மேலே துணி வராமல் பாருங்கள். சிப்பின் அலைவரிசையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே. முதுகில் குத்தினாலோ, சிப் நனைந்த பனியனோடு ஒட்டிக்கொண்டாலோ மேட் படிக்காமல் விட்டுவிட வாய்ப்புண்டு. வார்ம்-அப் செய்யும்போது மேட் மேல் நடக்காதீர்கள்.

தஞ்சை வாசகர்: நுழைவுக் கட்டணம் 600 ரூபாய். அது முழுவதும் தொண்டுக்குப் போகிறதா? வரிவிலக்கு உண்டா?

முழுவதும் போவது அபூர்வம். டீ-ஷர்ட், மெடல், டைமிங், மைதான வாடகை, ஆம்புலன்ஸ், சிற்றுண்டி எல்லாம் அதிலிருந்துதான். ஆகவே பெயர் கொடுக்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒரு நபருக்கு எவ்வளவு அறக்கட்டளைக்குப் போகிறது?" ரூபாயில் பதில் வந்தால் நல்லது. "லாபம் முழுவதும்" என்று பதில் வந்தால், லாபம் எவ்வளவு என்பது அவர்கள் செலவைப் பொறுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள். ஓட்டத்தை நடத்தும் கம்பெனி வேறு, பணம் பெறும் அறக்கட்டளை வேறாக இருப்பதும் சகஜம். அறக்கட்டளைக்கு 12ஏ (அதன் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்று சொல்லிப் பழகிய பதிவுகள் இருக்கிறதா என்று வருமான வரித்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டணத்துக்குப் பதிலாக உங்களுக்கு டீ-ஷர்ட்டும் மெடலும் கிடைப்பதால், அது பொதுவாக நன்கொடைக் கணக்கில் வராது. தனியாகக் கொடுக்கும் தொகைக்குத்தான் 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகை. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கும் கிடையாது.

சேலம் வாசகர்: சுற்றுக்கு இத்தனை ரூபாய் என்று தெரிந்தவர்களிடம் வாக்கு வாங்கி ஓடலாம் என்கிறான் நண்பன். நடக்குமா?

நன்றாகவே நடக்கும். ஸ்டேடியத்துக்கென்றே பிறந்த முறை போல அது. 1985 மே மாதம் அமெரிக்காவின் டக்கோமா நகரில் கார்டி கிளாட் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய்ச் சங்கத்துக்காகப் பேக்கர் ஸ்டேடியத்தின் டிராக்கை 24 மணி நேரம் சுற்றி 83 மைலுக்கு மேல் ஓடினார். 25 டாலர் கொடுத்த நண்பர்கள் அரை மணி நேரம் அவரோடு ஓடவோ நடக்கவோ செய்தார்கள். 27,000 டாலர் சேர்ந்தது. புற்றுநோய்ப் பணிக்கு நிதி திரட்டும் 'ரிலே ஃபார் லைஃப்' நிகழ்ச்சி அங்கிருந்து கிளம்பியதுதான்.

உங்கள் அளவில் செய்ய: சுற்றுக்கு 40 ரூபாய் என்றால் பன்னிரண்டரைக்கு 500. மொத்தத்தை முன்பே சொல்லிவிடுங்கள். "எத்தனை ஓடுறியோ அத்தனை" என்று விட்டால், கொடுப்பவருக்கும் கணக்குத் தெரியாது, வசூலிக்கப் போகும் உங்களுக்கும் கூச்சமாக இருக்கும். ஓடி முடித்த ஒரு வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். அதற்குமேல் போனால் பாதி வராது. முக்கியமாக, பணத்தை உங்கள் ஜி-பேயில் வாங்காதீர்கள். பத்துப் பேர் கொடுத்ததைச் சேர்த்து நீங்கள் கட்டினால் ரசீது உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில்தான் வரும். கொடுத்த பத்துப் பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. அறக்கட்டளையின் கியூஆர் கோடை அனுப்பி, அவரவர் நேரடியாகக் கட்டட்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் உங்களுக்கு வந்தால் போதும்.

கும்பகோணம் வாசகி: சிங்கப்பூரில் இருக்கும் அக்காவும் பணம் அனுப்புகிறேன் என்கிறாள்.

அக்காவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. ரூபாயாகவே கொடுத்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும். அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென வைத்திருக்கும் கணக்கில். சிறு அறக்கட்டளைகள் பலவற்றுக்கு இந்தப் பதிவு இருக்காது. முதலில் கேட்டுவிடுங்கள்.

நெல்லை வாசகர்: நண்பர் ஓடியே பழக்கமில்லாதவர். எட்டு வாரம் இருக்கிறது. போதுமா?

போதும். வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டுத் தடவை. இரண்டாம் வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு தடவை. நான்காம் வாரத்தில் 4 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, ஐந்து தடவை. ஆறில் 6 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, நான்கு தடவை. எட்டாம் வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி இருந்தவர் டாக்டரைப் பார்த்துவிட்டே தொடங்கட்டும்.

டிராக்கில் வாரம் ஒரு நாள் போதும். எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் இரண்டு காலுக்கும் ஒரே மாதிரிச் சுமை விழாது. தினமும் டிராக்கிலேயே ஓடுபவர்களுக்கு முழங்காலின் ஓரத்தில் வலி கிளம்பலாம். சிந்தெடிக் டிராக் வெயிலில் தகிக்கும். ஒன்பது மணிக்கு ஓட்டம் என்று நோட்டீஸ் போட்டிருந்தால், சித்திரை வைகாசியில் அந்த ஓட்டமே வேண்டாம்.

அன்று காலை இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். அரை மணி முன்பு ஒரு டம்ளர் தண்ணீர். புது ஷூ, புது பனியன் எதுவும் அன்று முதல்முறையாகப் போடக் கூடாது. கொடுத்த டீ-ஷர்ட்டையே போட ஆசை என்றால் ஒரு தடவை துவைத்துப் போட்டு ஓடிப் பாருங்கள். அக்குளில் உரசும் இடத்தில் வாஸ்லின். முடித்ததும் சட்டென்று நிற்காதீர்கள். ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடம் நடங்கள். நண்பர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைத்து, மருத்துவக் குழுவையோ 108-ஐயோ கூப்பிடுங்கள். மயங்கும் நிலையில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஈரோடு வாசகர்: பார்வையில்லாத நண்பரோடு ஓடப் போகிறேன். எப்படி வழிகாட்டுவது?

ஒரு முழத்துக்கும் குறைவான கயிறு, இரண்டு பக்கமும் வளையம். ஆளுக்கொரு வளையத்தை விரலில் மாட்டிக்கொள்ளுங்கள். கை வீச்சு ஒத்துப் போக வேண்டும்: அவர் வலது கை முன்னே போகும்போது உங்கள் இடது கையும் முன்னே. ஒருபோதும் இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது. ஃபினிஷ் லைனை அவர்தான் முதலில் தாண்ட வேண்டும். பாரா தடகளப் போட்டிகளில் அது விதியே.

டிராக்கின் உள்விளிம்பு தரையிலிருந்து 5 செ.மீ. உயரம். காலை இடற அது போதும். அதனால் முதல் லேனை விட்டுவிட்டு மூன்றாவதில் ஓடுங்கள். கொஞ்சம் தூரம் கூடினாலும் பரவாயில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவர் சொல்லட்டும். வளைவுக்குப் பத்தடி முன்பே "வளைவு", முடியும் இடத்தில் "நேர்" என்று சொன்னால் போதும். "பார்த்து, பார்த்து" என்பதால் பயனில்லை. "எதிரே ரெண்டு பேர் நடக்கிறாங்க, வலப்பக்கம் ஒரு எட்டு" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தைகளை முன்பே இரண்டு மூன்று நாள் பழகிவிட்டு வாருங்கள்.

காரைக்குடி வாசகர்: நண்பர் வர முடியவில்லை. அவர் பிப்பில் தம்பி ஓடலாமா?

கூடாது. பிப்பின் பின்பக்கத்தில் நண்பரின் ரத்த வகையும் வீட்டு ஃபோன் எண்ணும் இருக்கும். தம்பி மயங்கி விழுந்தால் டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். பெயர் மாற்றித் தருவார்களா என்று முந்தின நாள் பிப் வாங்கும் இடத்தில் கேளுங்கள். சில இடங்களில் சிறு கட்டணத்துக்கு மாற்றித் தருவார்கள்.