புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரே வாரத்தில் ஏன் சாகின்றன?

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஃபில்டரும் ஓடுகிறது, அப்புறம் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அம்மோனியாதான், கண்ணுக்குத் தெரியாது. மீன் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாகும், அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் அளவு மீறாதவரை பரவாயில்லை. இந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். கடைக்காரர் இதைச் சொல்வது அபூர்வம்.

தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அதன் பழைய பஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் போடுங்கள், காத்திருப்பு நன்றாகக் குறையும். இப்போது உயிரோடிருக்கும் மீனுக்கு இரையைக் குறையுங்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டி, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவுகிறார்களே, அது வேண்டாம். பஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். புதிதாக ஊற்றும் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்துவிடுங்கள்.

கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், அது கழிவு அதிகம் போடும் மீன்.