வயதான பூனையும் நனைந்த மெத்தையும்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே வீட்டிலிருந்து வந்தவைபோல இருந்தன. ஐந்திலும் வயதான பூனை, ஈரத்துணி, இனி என்ன செய்வது என்ற தவிப்பு. ஆகவே இந்த வாரம் அவற்றுக்கு மட்டுமே பதில்.

கேள்வி: எங்கள் பூனைக்கு 14 வயது. இத்தனை ஆண்டுகளில் மணல் தட்டைத் தவிர வேறெங்கும் போனதில்லை. இரண்டு மாதமாகத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் சிறுநீர் கழிக்கிறது. கணவரின் படுக்கையிலும் இருமுறை ஆகிவிட்டது. வீட்டில் குழந்தை பிறந்ததற்குப் பழிவாங்குகிறது என்கிறார் மாமியார். (மதுரை வாசகி)

பதில்: பூனை சிறுநீரால் யாரையும் பழிவாங்குவதில்லை. இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை கிழப்பூனைகள் அடி வாங்குகின்றன என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. 14 ஆண்டுகள் ஒழுங்காக இருந்த உயிர் திடீரென்று மாறினால், முதலில் உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். குழந்தை வந்த பரபரப்பும் காரணமாகலாம். ஆனால் நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது: தட்டுக்குப் பக்கத்தில். இடம் அதற்கு மறக்கவில்லை, அங்கே வரைக்கும் வருகிறது. விளிம்பைத் தாண்டத்தான் கால் ஒத்துழைக்கவில்லை. 12 வயதைத் தாண்டிய நூறு பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் தொண்ணூறுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டிக் காட்டாது. அலமாரி மேல் ஏறுவதை நிறுத்தும், முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைக்கும், அவ்வளவுதான். இன்றே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கத்தை, அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரம் மட்டும் மிஞ்சும்படி அறுத்து, அறுத்த விளிம்பைத் தேய்த்து மழுக்கி, வாசலாக்குங்கள். தட்டு மொட்டைமாடியிலோ மழைச் சாரல் அடிக்கும் பால்கனியிலோ இருந்தால், அது படுத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் இன்னொன்று வையுங்கள். வாசனை சேர்த்த மணல் வேண்டாம். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

அதோடு, 24 மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிக்கு மேல் போனால் சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகிய மூன்றையும் சோதித்தே ஆக வேண்டும். சிறுநீரகங்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போகும், ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். சிறுநீர் மாதிரி எடுக்க, மணலுக்குப் பதிலாக மீன்தொட்டியில் போடும் கூழாங்கற்களைக் கழுவிக் காயவைத்துத் தட்டில் பரப்பினால் போதும். அடியில் தேங்குவதைச் சுத்தமான சிரிஞ்சில் உறிஞ்சி, ஆறுவதற்குள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: மூட்டு வலி என்றால் குழந்தைக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சிரப்பைக் கொஞ்சம் கொடுக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கூடாது. ஒரு சொட்டும் கூடாது. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படித்து முடிக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: எவ்வளவு பினாயில் ஊற்றிக் கழுவினாலும் அதே மூலைக்குத்தான் போகிறது. (திருச்சி வாசகி)

பதில்: பினாயிலை நிறுத்துங்கள். அதிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் பூனைக்கு நஞ்சு. தரையில் நடந்த பாதத்தை அது நக்கும்போது நேராக வயிற்றுக்குள் போகிறது. நமக்கு மணக்கிறதே தவிர, அடியில் சிறுநீரின் வாடை பூனைக்கு அப்படியே இருக்கிறது. அம்மோனியா கலந்த திரவங்கள் இன்னும் மோசம், அவற்றின் வாடையே சிறுநீரைப் போன்றது. செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் கடைகளில் நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் கிடைக்கும். அதை ஊற்றி, உடனே துடைக்காமல் நன்றாக ஊறவிடுங்கள். பிறகு அந்த மூலையிலேயே ஒரு தட்டை வைத்துவிடலாம். கிழப்பூனையோடு வழக்காடுவதைவிட அது தேர்ந்த இடத்தை ஒப்புக்கொள்வது நல்லது.

கேள்வி: 11 வயது ஆண் பூனை காலையிலிருந்து தட்டில் போய்ப் போய் உட்காருகிறது, கத்துகிறது, சொட்டுக்கூட வரவில்லை. மலச்சிக்கலா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: இவருக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கும் நேரமில்லை. பெரம்பூருக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். ஆட்டோ பிடித்துக் கிளம்ப வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் பூனைக்கு 17 வயது. சிறுநீரகம் பழுதாகி ஓராண்டாகிறது. இப்போது படுத்த இடத்திலேயே எல்லாம் போகிறது. அம்மாவால் துவைத்து மாளவில்லை. மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். என் ஏழு வயது மகளிடம் என்ன சொல்வது? (கோவை வாசகி)

பதில்: மார்க்கெட்டில் பிழைக்காது. நாய்களுக்கு நடுவே, தண்ணீர் கிடைக்காமல், சில நாட்களில் இறக்கும். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அம்மாவின் களைப்பு உண்மையானது. அதைச் சொல்ல நீங்கள் கூச வேண்டியதில்லை. முதலில் பூனைக்குக் கீழே நீர் உறிஞ்சும் விரிப்புகளைப் போடுங்கள், பின்பக்க முடியைக் கத்தரித்துவிடுங்கள். துவைக்கும் வேலை பாதி குறையும். பிறகு ஒரு நாட்காட்டி எடுங்கள். தானாகச் சாப்பிட்டதா, நீங்கள் தடவியபோது தலையைத் தூக்கியதா, வலியின்றித் தூங்கியதா என்று பார்த்து, ஒவ்வொரு இரவும் அந்த நாளை நல்ல நாள் அல்லது கெட்ட நாள் என்று குறியுங்கள். இரண்டு வாரத்தில் கெட்ட நாட்கள் மிகுந்தால், கருணை மரணம் பற்றி மருத்துவரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது. அது கைவிடுவது ஆகாது. முதலில் மயக்க ஊசி, பிறகு மிகை அளவு மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் திறந்தே இருக்கும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். உங்கள் கை அதன் மேல் இருக்கட்டும்.

மகளிடம் "தூங்கிவிட்டது" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்ட குழந்தைகள் சில நேரம் இரவில் உறங்கவே பயப்படுகிறார்கள். இறந்துவிட்டது, இனி வராது, அதற்கு வலிக்காது என்று சொல்லுங்கள். அவள் விரும்பினால் முன்னதாகவே, அது பிடித்துச் சாப்பிடும் மீனைத் தன் கையால் ஒருமுறை ஊட்டட்டும்.