துணி விரித்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தையல் எந்திரம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். சிங்கரை எல்லாருக்கும் தெரிகிறது. வெட்டுவதற்காக நாங்கள் நாளெல்லாம் மேஜைமேல் அடுக்கடுக்காகத் துணி விரிக்கிறோமே, அந்த எந்திரம் எப்படி வந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

நியாயமான வருத்தம்தான். துணி விரிக்கும் எந்திரத்தின் கதையைக் கத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கத்திரிக்கோலால் சில மடிப்புகளுக்கு மேல் வெட்ட முடியாது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆயத்த ஆடை வியாபாரம் செய்த ஜான் பாரன், மரச்சாமான் கண்காட்சி ஒன்றில் மெல்லிய மரத்தகடுகளைப் பட்டைவாள் (வளையமாகச் சுற்றி ஓடும் வாள்) அறுப்பதைப் பார்த்தார். 1858-இல் அதே முறையில் துணி வெட்டத் தொடங்கினார். ஒரே வெட்டில் பல அடுக்குகள். அப்படியானால் அடுக்குகளை ஒழுங்காகப் போட ஆள் வேண்டுமே! பாரன் பின்னாளில் மேயரானார், எம்.பி.யும் ஆனார். விரித்தவர்களுக்கு அந்த யோகம் இல்லை.

பாரனின் அந்தப் பட்டைக்கத்தி ஒரே இடத்தில் நிற்கும். துணிக்கட்டைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும். 1888-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஈஸ்ட்மன் செய்த மின்கத்தியோ மேஜைக்கே வந்தது. மேஜை நீண்டால் நடையும் நீளும். இருவர் இருபுறமும் துணியை இழுத்து நடந்து, நுனியில் எடை வைத்து, கரையைச் சேர்த்து, சுருக்கம் நீவித் திரும்ப வேண்டும். துணிச்சுருளைச் சுமந்து மேஜையோரத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி அந்த நடையைத்தான் குறைத்தது.

ஆனால் என்னைக் கேட்டால், வேகத்தைவிட இழுவைதான் பெரிய விஷயம். பனியன் துணியை இழுத்து விரித்தால் வெட்டியபின் அது சுருங்கி, எம் சைஸ் எஸ் ஆகிவிடும். உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? துணியின் இழுப்பால் சுருள் சுழலக்கூடாது. வண்டியின் வேகத்துக்கு ஏற்ப மோட்டாரே துணியை விட்டுக்கொடுக்க வேண்டும். தானியங்கி எந்திரங்களின் சாமர்த்தியம் பெரும்பாலும் இதில்தான். கரை சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க, ஒளியால் உணரும் ஒளிக்கண்ணும் சேர்ந்துகொண்டது. வெல்வெட் என்றால் மயிர் எல்லா அடுக்கிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். அதற்காகப் பல இடங்களில் வண்டி திரும்பும்போது துணி விரிக்காமல் சும்மாவே வரும்.

1960களின் இறுதியில் ஜோசப் கெர்பர் கணினியால் வெட்டும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். வியன்னாவில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பியவர் அவர். அந்த எந்திரம் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அடுக்குகளை அமுக்கிப் பிடிக்கும். சரி, நடுவில் ஒரு சுருக்கம் இருந்தால்? கட்டிங் மாஸ்டர் கண்டால் கத்தியை நிறுத்துவார். கணினி அதையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போகும். அதனால் விரிப்பில் பிசகு இருக்கவே கூடாது என்றாகிவிட்டது.

விரிக்கும் முன் சுருளைப் பிரித்து, துணியின் இழுவை தளர எத்தனை மணி நேரம் ஆறப்போடுகிறீர்கள்? எழுதுங்கள்.