மகள் அமைதித் துறைக்குப் போகிறேன் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், முதுகலையில் 'பெண்கள், அமைதி, பாதுகாப்பு' என்ற படிப்பில்தான் சேருவேன் என்று நிற்கிறாள். அதில் வேலை கிடைக்குமா, பெண் பிள்ளைக்கு ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை இருக்கிறது. அமைதிப் பேச்சிலும் பாதுகாப்பு பற்றிய முடிவுகளிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2000 அக்டோபர் 31 அன்று தீர்மானம் போட்டது. அதன் எண் 1325; இந்தத் துறையில் எல்லோரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். அதை நடைமுறைப்படுத்த நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் தேசியச் செயல்திட்டம் எழுதியிருக்கின்றன. ஆனால் 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய அமைதிப் பேச்சுகளை ஐ.நா. பெண்கள் அமைப்பு கணக்கிட்டபோது, பேச உட்கார்ந்தவர்களில் பெண்கள் 13 சதவீதம்தான். கையெழுத்துப் போட்டவர்களில் 6 சதவீதம். திட்டம் எழுதும் இடத்தில் பெண்கள் நிறைய, முடிவெடுக்கும் அறையில் குறைவு. உங்கள் மகள் எந்த இடத்துக்குப் போக நினைக்கிறாள் என்பதுதான் முதல் கேள்வி.

அறைக்குள் போக வேண்டுமென்றால், அந்தத் தலைப்பை முதுகலையின் முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டாம் என்பேன். பல அலுவலகங்களில், பெண்களின் தேவைகளைக் கவனிக்கச் சொல்வதற்கென்று பாலின ஆலோசகர் என ஒரே ஒருவர் இருப்பார். தனி பட்ஜெட் இருக்காது, திட்ட நிதி முடிந்தால் பதவியும் முடியும். 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது இப்படி வேலை இழந்தவர்கள் ஏராளம். அதனால் ஆயுதக் கட்டுப்பாடு, போர்நிறுத்தக் கண்காணிப்பு, சர்வதேச மனிதாபிமானச் சட்டம், புள்ளியியல் என்று கையில் ஒரு தொழில் இருக்கட்டும். பெண்கள் பற்றிய அக்கறையை அதற்குள் கொண்டு போகட்டும்.

ஏன் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, போராளிகளிடம் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு பணமும் தொழிற்பயிற்சியும் கொடுத்தார்கள். அதற்குத் துப்பாக்கி கொண்டுவர வேண்டும், பல இடங்களில் அதைக் கழற்றி மாட்டிக் காட்டவும் வேண்டும். கடத்திச் செல்லப்பட்டு, படைக்குச் சமைத்து, தோட்டா சுமந்து, கட்டாய மனைவியாக வாழ்ந்த பெண்களிடம் துப்பாக்கி ஏது? பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு அந்த விதியை எழுதவில்லை, எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். பக்கத்து நாடான லைபீரியாவில் அப்புறம் விதியை மாற்றி, படைகளோடு இருந்த பெண்களைத் துப்பாக்கி இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு விதியில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் ஆயுதக் களைவு எப்படி நடக்கிறது என்று நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். சமத்துவம் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது.

பிலிப்பைன்ஸின் மிரியம் கொரோனல் ஃபெரர் அரசியல் அறிவியல் பேராசிரியர். அரசுத் தரப்புப் பேச்சுக்குழுவுக்குத் தலைமை தாங்கி, 2014 மார்ச்சில் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி என்ற கிளர்ச்சிக் குழுவோடு இறுதி அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமைதிப் பேச்சு பற்றிய பல வருடப் படிப்பு அவருக்குப் பின்னால் இருந்தது.

ஆபத்து பற்றி: கணிசமான வேலை அலுவலகத்தில்தான் நடக்கும். களப்பணியில் ஆபத்து உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தை அழைத்துப் போக முடியாத பணியிடங்களும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை பெற்றோர் பயப்படுவது குண்டுக்கு, பிள்ளைகள் திணறுவது ஆறு மாத வேலை ஒப்பந்தத்துக்கு. முதல் சில வருடங்கள் அப்படித்தான் போகும். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, அந்தச் செலவை இப்போதே யோசித்து வையுங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருவார்கள். செயலகத்தின் இளம் தொழில்முறையாளர் தேர்வுக்கு வயது வரம்பு 32. எந்த நாட்டவர் எழுதலாம் என்பது வருடா வருடம் மாறும். கூடவே பிரெஞ்சோ அரபியோ இன்றே தொடங்கட்டும், இதில் மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். 1998இன் வட அயர்லாந்து அமைதி ஒப்பந்தத்தை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். நீளம் குறைவு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மகளிர் கூட்டணி என்று ஒரு சின்னக் கட்சி அந்தப் பேச்சில் இருந்தது. பெண்களின் அரசியல் பங்கேற்பு, போரில் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய வரிகள் அதில் எங்கே வருகின்றன, அவற்றை யார் நிறைவேற்ற வேண்டும் என்று குறித்து வைக்கட்டும். படிக்கும்போது அவள் மனம் காவல்துறைச் சீர்திருத்தத்தில் நிற்கிறதா, கைதிகள் விடுதலையிலா, ஆயுத ஒப்படைப்பிலா என்று எனக்கு எழுதுங்கள். எந்த முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.