வண்டித்தடம்: உரிமையா, சலுகையா?

கேள்வி: காங்கேயம் வட்டத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து தோப்புக்குப் போவதற்குப் பக்கத்துக் கொறங்காட்டின் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) ஓரமாகச் செல்லும் வண்டித்தடத்தைத்தான் தாத்தா காலம் தொட்டுப் பயன்படுத்தி வருகிறோம். சென்ற தை மாதம் அந்தக் கொறங்காட்டைத் திருப்பூர்க்காரர் ஒருவர் கிரையம் பெற்றார். “இது பழைய உடைமைக்காரர் கொடுத்த சலுகை, உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை, ஆனாலும் வருடம் 1,200 ரூபாய் கட்டினால் விடுகிறேன்” என்று அனுமதிக் கடிதம் ஒன்றைத் தரகர் வழியாக அனுப்பியிருக்கிறார். மறுத்தால் கடவை (வேலியில் வண்டி நுழையும் வழியை) அடைத்துக் கம்பிவேலி போட்டுவிடுவாராம். கையெழுத்திடலாமா, ஐயா?

பதில்: கையெழுத்திட வேண்டாம். அவர் கேட்கும் 1,200 ரூபாய்க்காக இதைச் சொல்லவில்லை. “உடைமைதாரரின் அனுமதியின் பேரில் சென்று வருகிறேன், கேட்கும்போது நிறுத்திக்கொள்கிறேன்” என்ற வாசகம் அந்தக் கடிதத்தில் எங்காவது இருக்கும். அதன் கீழ் நீங்கள் கையொப்பமிட்டால், மூன்று தலைமுறையாக நீங்கள் அனுபவித்தது சலுகைதான் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (நீதிமன்றத்தில் ஈஸ்மெண்ட் சட்டம் என்பார்கள்) உரிமை, சலுகை ஆகிய இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஒருவர் தம் நிலத்தில் போய்வர அனுமதித்தால் அது உரிமம், அதாவது நீங்கள் சொல்லும் சலுகை. கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். அவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று 59ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தரகர் நம்பியிருப்பது இந்தப் பிரிவைத்தான். ஆனால் அமைதியாக, வெளிப்படையாக, தடையின்றி, உரிமையுடன் 20 ஆண்டுகள் ஒரு தடத்தைப் பயன்படுத்தி வந்திருந்தால் 15ஆம் பிரிவின்படி அது வசதியுரிமையாகும். நிலம் எத்தனை கை மாறினாலும் அந்த உரிமை தடத்தோடு தொடரும்.

இந்த நான்கில் “உரிமையுடன்” என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் சறுக்குகின்றன. தேங்காய் வெட்டுக்கு முதல் நாள் “நாளைக்கு வண்டி வருதுங்க” என்று உங்கள் தந்தையார் பக்கத்துக் காட்டுக்காரரிடம் தெரிவித்துவிட்டுப் போனாரா, “வண்டி விட்டுக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாரா? தெரிவிப்பது மரியாதை, கேட்பது அனுமதி. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பார். கடவில் படல் இருந்ததா, பூட்டு இருந்தால் சாவி யாரிடம் இருந்தது, மழைக்காலத்தில் குழி விழுந்தபோது மண் கொட்டியது யார் என்பனவும் கேள்வியாக வரும். அந்தப் பக்கத்து வயதானவர்கள் இப்போது இருக்கும்போதே இவற்றை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பத்திரம். “மாமூல் வண்டித்தட பாத்தியம் சகிதம்” (வழக்கமான வண்டித்தட உரிமையோடு சேர்த்து) என்ற சொற்கள் உங்கள் கிரையப் பத்திரத்தில் இருந்தால் நல்லதே, ஆனால் அது மட்டும் போதாது; உங்களுக்கு விற்றவர் அடுத்தவர் நிலத்தின் மேல் தாமாக உரிமை எழுதிக் கொடுத்துவிட முடியாது. கொறங்காட்டின் பழைய பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனுப் போடுங்கள். சொத்து விவரத்தில், எல்லை சொல்லும் இடத்தில், “தென்வடல் வண்டித்தடத்துக்கும் மேற்கு” என்பது போன்ற ஒரு வரி இருந்தால், அந்தப் பக்கத்துக்காரரே தடத்தை ஒப்புக்கொண்டதற்கு அதைவிட வலுவான சான்று கிடைக்காது.

“வேறு வழியே இல்லாத பூமிக்கு வழி விட்டுத்தானே ஆக வேண்டும்” என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது முழு உண்மை அன்று. இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே உடைமையாக இருந்து, விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரிந்திருந்தால்தான் 13ஆம் பிரிவின் அவசிய வழியுரிமை பிறக்கும். பின்னால் உங்களுக்கு வேறு வழி ஏற்பட்டால் அந்த உரிமை முடிந்தும் போகும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கொங்கில் இது அடிக்கடி நேர்கிறது. வெறும் சலுகையாகவே தொடங்கியிருந்தாலும், அந்த அனுமதியை நம்பி நிரந்தரத் தன்மையுள்ள வேலையைச் சொந்தச் செலவில் செய்திருந்தால், கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற இயலாது என்கிறது 60ஆம் பிரிவு. ஓடை குறுக்கிடும் இடத்தில் சிமெண்ட் குழாய் பதித்துச் சிறுபாலம் கட்டியிருக்கிறீர்களா? சரிவான பக்கத்தில் கருங்கல் தடுப்புச்சுவர் எழுப்பியிருக்கிறீர்களா? ஆண்டுதோறும் இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டியதையும், கிளுவை வேலியைக் கழித்துவிட்டதையும் நிரந்தர வேலை என்று காட்டுவது கடினம். பாலம் கட்டியிருந்தால் சிமெண்டுக் கடை ரசீது, கொத்தனாரின் சாட்சியம், அந்த நாளைய புகைப்படம் என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். எனினும் புதிதாக வாங்கியவர் 59ஆம் பிரிவைக் காட்டி வாதாடுவார் என்பதால் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 20 ஆண்டு அனுபவமே உங்கள் முதல் வாதமாக இருக்க வேண்டும்.

இனித் தரகரைப் பற்றி. இவரோ இவரைப் போன்ற இன்னொருவரோ, “தடத்தைப் பட்டாவில் ஏற்றித் தருகிறேன், தாலுகாவில் ஆள் இருக்கிறது” என்று விரைவில் உங்களிடம் வருவார். அடுத்தவர் நிலத்தில் உள்ள வழியுரிமையை ஏற்றுவதற்கான ஆவணமே அல்ல பட்டா. அந்த வாக்குறுதியை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கையில் கடைசியில் மிஞ்சுவது ஒரு மனு ரசீதுதான். புல வரைபடத்தில் தனியார் வண்டித்தடம் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. காட்டியிருந்தால் பாதி வழக்குகள் தொடங்கியே இருக்காது. வட்டாட்சியரிடம் போனால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார், காவல் நிலையத்திலும் அதையே சொல்வார்கள், சிவில் கோர்ட்டிலோ வாய்தா வாய்தாவாக நாள் போகும். வருடங்களை விழுங்கும் இந்த ஏற்பாடுதான் அனுமதிக் கடிதம் கொண்டு வருபவர்களுக்கு முதலீடு.

கடவை அடைத்துவிட்டால் ஒரு நாளும் சும்மா இருக்காதீர்கள். தடையை அறிந்தும் ஓராண்டு பொறுத்துக்கொண்டால் அனுபவம் அறுபட்டதாகச் சட்டம் கருதும். வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த 20 ஆண்டும் வந்து முடிந்திருக்கவும் வேண்டும். அமைதிக் குலைவுக்கு இடமிருந்தால் கோட்டாட்சியர், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 166ஆம் பிரிவின் கீழ் விசாரித்துத் தடத்தை அடைக்கக் கூடாது என்று உத்தரவிடலாம். ஆண்டு முழுவதும் பயன்படும் தடமென்றால் கடைசியாகப் போய்வந்த மூன்று மாதத்துக்குள் புகார் போயிருக்க வேண்டும். அதோடு நில்லாமல், மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகையும் (உரிமை உண்டு என்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் (தடுக்கக் கூடாது என்ற உத்தரவு) கோரி வழக்குத் தொடுத்து, இடைக்காலத் தடையும் கேளுங்கள். வேலி எழும் முன், நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பித் தடத்தின் அகலத்தையும் சக்கரத் தடயத்தையும் பதிவு செய்ய வைப்பது மிக முக்கியம். வழக்குரையில் எந்த வகையில் உரிமை வந்தது என்று தெளிவாக எழுதாமல், மொத்தமாக “பாத்தியம்” என்று எழுதும் வழக்கறிஞரிடம் வழக்குக் கட்டைக் கொடுக்காதீர்கள். அவ்வாறு குறிப்பாகச் சொல்லாத உரிமையை நீதிமன்றம் வழங்க இயலாது என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

புதிய உடைமையாளர் உண்மையிலேயே சமாதானம் விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. சர்வே எண், தடத்தின் நீள அகலம், டிராக்டரும் லாரியும் சென்று வரும் உரிமை, வாரிசுகளையும் இனி வாங்குவோரையும் கட்டுப்படுத்தும் வாசகம் ஆகியவற்றோடு ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு நியாயமான தொகை கேட்டால் கொடுக்கலாம். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் தரகருக்கு ஒரு காபி கொடுத்து, கடிதத்தையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.